பின்பனியும் இளவேனிலும்: சாவகர் இல்லத்துத் தோட்டமும் அடுக்களையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, "இலக்கியம் வேண்டாம் ஐயா, வீட்டுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பதாண்டுக்கு மேல் போடிநாயக்கனூரில் தமிழ் கற்பித்தவனிடம் இலக்கியம் வேண்டாம் என்பது, வண்ணாரிடம் வெளுப்பு வேண்டாம் என்பது போலத்தான். ஆயினும் அவர்கள் சொல்லைத் தட்டாமல், மாசியும் பங்குனியும் நம் வீட்டுக் கொல்லையிலும் அடுக்களையிலும் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறேன். இலக்கியம் இடையிடையே வந்தால் பொறுத்தருள்க.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் குடும்பங்களுக்குள் அடிக்கடி எழுகின்ற கேள்வி அது. "மண்ணைக் கொத்தினால் மண்ணில் வாழும் உயிர்கள் மடியும். கடையில் காய் வாங்கினால் அந்தத் தீவினை நமக்கில்லை. பிறகு எதற்குத் தோட்டம்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் விளையாட்டாகக் கேட்பதில்லை. நோன்பு காக்கும் மூதாட்டியரும் கேட்கிறார்கள். நகரத்து அடுக்குமாடியில் நான்கு தொட்டி வைக்க ஆசைப்பட்டு, மாமியார் என்ன சொல்வாரோ என்று தயங்கும் மருமக்களும் கேட்கிறார்கள்.

இதற்கு விடை நம் அறநூல் மரபிலேயே இருக்கிறது. வினை மூன்று வழிகளில் வந்து சேரும் என்பது நம் கொள்கை: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். சந்தையில் நாம் வாங்கும் வெண்டைக்காயை ஒருவர் விதைத்தார், ஒருவர் மருந்தடித்தார், ஒருவர் பறித்தார். நாம் பணம் கொடுத்தோம். பணம் கொடுத்ததனால் அந்த வயலில் மடிந்த பூச்சிகளின் கணக்கிலிருந்து நம் பெயர் நீங்கிவிடுமா? செய்யவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். செய்விக்கவில்லை என்று சொல்ல இயலாது. கண்ணில் படாத கொலையை இல்லாத கொலை என்று கொள்வது நம் மரபன்று.

மற்றொன்றும் உண்டு. இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நால்வகையாகப் பிரித்தனர் நம் ஆசிரியர்கள். கொல்லவேண்டும் என்றே எண்ணிக் கொல்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற வீட்டுவேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை முற்றாக விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். கீரைப்பாத்தியில் களை நீக்கும்போது நம்மை அறியாமல் ஓர் எறும்பு மடிவது வேறு. புட்டியில் நஞ்சைக் கலக்கி, இதனால் எல்லாப் புழுவும் சாகட்டும் என்று தெளிப்பது வேறு. முன்னது ஆரம்பி. பின்னது சங்கல்பிக்கு மிக அருகில் நிற்கிறது என்பது என் கருத்து.

ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்கள் வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்பன. உழவு அவற்றுள் ஒன்று. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தே வாழ்ந்தனர். ஏர் பிடித்த குடியில் பிறந்த நாம், நான்கு தொட்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனிப் பருவத்துக்கு வருகிறேன். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலை உரிமையாக்கிவிட்டு, பின்பனியும் அதற்கு உரியதே என்று தனியாகச் சொல்கிறார். பனிக்காலம் எப்படிப் பாலைக்கு உரியதாகும் என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பார்கள். சன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்வேன். போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் ஊர். மாசியில் விடியற்காலை இலைநுனியில் பனித்துளி நிற்கும். பத்து மணிக்கு வெயில் தலையைச் சுடும். குரங்கணிச் சரிவில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகும். கொட்டகுடி ஆறு கல்லிடுக்கில் ஒடுங்கிப்போகும். இரவில் பனி, பகலில் பாலை. தொல்காப்பியர் கண்டு எழுதியிருக்கிறார்.

அந்தப் புல்லைப் பற்றி ஒரு சொல். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், மாசியின் கடைசி வாரத்தில், குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளையோர் சிக்கினர். மொத்தம் 23 உயிர்கள் போயின. போடியில் அந்த நாளை மறந்தவர் எவரும் இல்லை. அதன்பின்பும் மாசி பங்குனியில் கொல்லைச் சருகைக் கூட்டித் தீ வைப்போரைக் காண்கிறேன். சருகுக் குவியலுள் மரவட்டையும் பூரானும் தேரைக்குஞ்சும் அரணையும் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும். தீ வைப்பவர் அதைக் குப்பை என்று கருதுகிறார். அவற்றுக்கு அது வீடு. சருகைச் செடியின் அடியில் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். மண்ணின் ஈரம் காக்கப்படும், அன்றாடம் நீரூற்றுவதை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைக்கலாம், களையும் முளைக்காது, ஆகவே கொத்தவும் வேண்டாம்.

இங்கே நம் தோட்டத்துக்கு வாய்த்த ஒரு நன்மையைக் கவனியுங்கள். நாம் கிழங்கு உண்பதில்லை. உருளை, முள்ளங்கி, கேரட், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை விதைக்கும் வீட்டில் ஆண்டுக்கு இருமுறையேனும் மண்ணை ஆழக் கொத்திப் புரட்ட வேண்டும். அறுவடை என்பதே மண்ணைத் தோண்டுவதுதான். சாவகர் வீட்டுத் தோட்டத்தில் எல்லாம் மண்ணுக்கு மேலே விளைவன: கொடிக்காய், செடிக்காய், மரக்காய், கீரை. குழி ஒருமுறை எடுத்துச் சருகு பரப்பிவிட்டால், ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணைப் புரட்டாமலே பயிர் செய்யலாம். மண்ணைப் புரட்டாத வேளாண்மை என்று இன்று உலகமெங்கும் புதிதாகப் பேசுகிறார்கள். நம் வீடுகளுக்கு அது உணவு ஒழுக்கத்தின் உடன்விளைவாகவே கிடைத்துவிடுகிறது.

கோடைப் பட்டத்துக்கு விதைக்கத் தகுந்தவை பீர்க்கு, புடல், சுரை, பாகல், பூசணி, வெள்ளரி ஆகிய கொடிகள். வெண்டை, கொத்தவரை ஆகிய செடிகள். தையிலேயே ஊன்றுவது நன்று, மாசியிலும் ஊன்றலாம். தையில் ஊன்றிய விதை பங்குனி இறுதியில் காய் தரும். அப்போது அவரையும் மொச்சையும் ஓய்ந்திருக்கும். பனி குறையக் குறைய அவரைப்பந்தல் பூ உதிர்த்து வாடும். அந்தப் பந்தலிலேயே பீர்க்கையும் புடலையும் ஏற்றிவிடலாம். பழைய அவரைக் கொடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிடுங்கள். வேர் மண்ணிலேயே மக்கும். அதைச் சார்ந்த உயிர்களும் அலைக்கழியா.

கொடிக்காய்க்குப் பெரிய பகை பழ ஈ. பிஞ்சில் துளையிட்டு முட்டை வைக்கும்; உள்ளே புழு வளர்ந்து காய் அழுகும். புழு வைத்த காய் நமக்கும் ஆகாது. ஆகவே பூ கருகிப் பிஞ்சு சுட்டுவிரல் அளவு வந்தவுடன் மெல்லிய துணிப்பையோ காகித உறையோ கட்டிவிடுங்கள். ஈ வேறிடம் போகும், காய் நமக்கு மிஞ்சும், கொலை இல்லை. மஞ்சள் நிற ஒட்டு அட்டைகளைச் சிலர் "இயற்கை முறை" என்று பரிந்துரைக்கிறார்கள். பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகிறது. நஞ்சில்லை என்பதனால் அது நமக்கு ஏற்றதாகிவிடாது.

முருங்கையின் கம்பளிப்பூச்சியைப் பற்றிக் கேட்காமல் எவரும் என்னை விட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் அது வரும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். தீப்பந்தம் கட்டிக் கொளுத்துவது ஊர் வழக்கம். ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான உயிர்கள். நம் வீட்டு வாசலில் அது நடக்கலாகாது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்தாலும் அது செய்வித்தலே. வேறு வழி என்ன? பொறுப்பதுதான் வழி. அவை இலையைத் தின்று வளர்ந்தபின் தாமே இறங்கி மண்ணுக்குள் கூடுகட்டும். முருங்கை மீண்டும் தளிர்த்துவிடும். போவது ஒரு மாதத்துக் கீரை. அந்தக் காலத்தில் மரத்தடியைக் கொத்தாதீர்கள்; பிள்ளைகள் அடிமரத்தைத் தொடாதபடி ஒரு சாக்குத் திரையோ வேலியோ கட்டுங்கள். தை பிறந்தபின் பூவெடுத்து, பங்குனி சித்திரையில் மரம் காயாகத் தொங்கும்.

பறிக்கும் முறையிலும் ஒழுக்கம் உண்டு. ஆறு இலேசியைகளை விளக்க நம் பெரியோர் சொல்லும் நாவல்மரக் கதையை நீங்கள் அறிவீர்கள். பசித்த ஆறு பேருள் ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட நினைத்தான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை. ஒருவன் பழத்தை மட்டும் பறிக்க நினைத்தான். ஆறாமவன் கீழே உதிர்ந்து கிடப்பதே போதும் என்றான். பங்குனியில் இந்தக் கதை வேப்பமரத்தடியில் நடைமுறையாகிறது. கிளையை ஒடித்துப் பூவை உருவ வேண்டியதில்லை. முன்மாலையில் தரையைப் பெருக்கி வெள்ளைத் துணி விரித்து வைத்தால், விடியலில் அதன்மேல் பூ உதிர்ந்து கிடக்கும். வெயிலேறும் முன்னர் எடுத்து, எறும்பும் சிறுவண்டும் தாமே விலகிப்போக நிழலில் சிறிதுநேரம் பரப்பி வைத்துப் பின் உலர்த்துங்கள். நெய்யில் சிவக்க வறுத்து, புளிநீரும் மிளகு சீரகப் பொடியும் பெருங்காயமும் சேர்த்து இரசம் வைத்தால், வெங்காயமும் பூண்டும் இல்லாத குறை யாருக்கும் தெரியாது. குறை என்று சொன்னதே தவறு. வேப்பம்பூவின் மணத்துக்குப் பூண்டு பகை.

பிஞ்சுகளின் காலமும் இதுவே. தமிழில் பிஞ்சுக்குப் பொதுப்பெயர் ஒன்று மட்டுமன்று. மாவின் பிஞ்சு வடு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னையின் பிஞ்சு குரும்பை, பலாவின் பிஞ்சு மூசு. உற்றுப் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர்கள். இன்றைய பிள்ளைகளுக்கு வடுமாங்காய் ஒன்றே புட்டி வழியாகத் தெரியும்.

இனி அடுக்களை. பால்குன மாத வளர்பிறை அட்டமி முதல் முழுநிலவு வரை எட்டு நாள் நந்தீசுவர நோன்பு காக்கிறோம். அந்த நோன்போடு வீட்டில் ஒரு கணக்கும் மாறுகிறது. அரைத்த மாவுக்குக் குளிர்காலத்தில் 7 நாள், வேனிலில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் என்பது நம் ஆசாரம் வகுத்த காலவரம்பு. நோன்பு முடியும்போது ஏழு ஐந்தாகிறது. வெப்பம் ஏற ஏற மாவில் வண்டின் முட்டை விரைவாகப் பொரியும். ஆகவே உயிர் தோன்றும் முன்னர் உண்டு முடிக்கவேண்டும் என்பதே இதன் கருத்து. பத்துக் கிலோ மாவுப்பொதியை வாங்கி வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைக் காக்க முடியாது. கோதுமையைச் சிறிது சிறிதாக அரைத்துக்கொள்வது ஒன்றே வழி. ஆலைக்காரர் இரண்டு கிலோவுக்கு முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

வெயில் முறுகும் பங்குனியில் வற்றல் போடுங்கள். கொத்தவரை, பாகல், சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றை மோரில் ஊறவைத்து உலர்த்தலாம். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் பச்சைக் காய்கறி விலக்கும் வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் இவை துணை. பொழுது சாயும்முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கினால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும்.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன். போடியிலிருந்து வந்தவன் ஏலத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் ஊர் என்னைச் சேர்த்துக்கொள்ளாது. போடியில் ஏலம் ஏலம் விடப்படுகிறது. காயைக் குறிக்கும் ஏலம் பழஞ்சொல்; விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். இரண்டும் எங்கள் ஊர்க் கூடத்தில் சந்தித்துக்கொண்டன. இன்று கணினி வழியே நடக்கும் அந்த விற்பனை, போடியிலும் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. விடியும் முன்னரே எங்கள் பகுதிப் பெண்கள் சோற்றுத் தூக்குடன் சீப்புகளில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஆடி ஆவணியில் தொடங்கும் காயெடுப்பு தை மாசியில் ஓயும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். காய் ஓயும் அந்த வேளையிலேயே செடியின் தூரிலிருந்து அடுத்த ஆண்டுக்குரிய சரம் தலைகாட்டும், இளவேனிலில் பூக்கும்.

நம் மரபுக்கும் இந்தக் காய்க்கும் பழைய உறவு உண்டு. பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதி என்றொரு நூல். இயற்றியவர் கணிமேதாவியார், சமணர். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று சேர்த்துச் செய்யும் மருந்தின் பெயர் அது. ஒவ்வொரு பாட்டிலும் ஆறு கருத்துகள். நான் வியப்பது அந்த அளவைக் கண்டுதான். நூலுக்குப் பெயர் தந்தது ஏலம். ஆனால் அதன் பங்கு எல்லாவற்றினும் சிறியது. சுக்கு ஆறு பங்கு இருந்தும் பெயரில் "ஆதி"க்குள் அடங்கிவிட்டது. இஞ்சியை விலக்கும் நாம் சுக்கை ஏற்பதும் இதனோடு நினைக்கத்தக்கது. பச்சைக் கிழங்கில் உயிர் உண்டு, முளைக்கும். நன்கு உலர்ந்த சுக்கு முளைக்காது. காரியாசான் என்னும் மற்றொரு சமணர் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று ஐந்து வேர்களால் பெயரிட்டார். வேரை உணவில் விலக்கியவர்கள் மருந்தறிவில் விலக்கவில்லை.

தண்ணீரிலும் ஏலம் நமக்கு உதவுகிறது. துணியில் வடித்த நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். ஏலம், இலவங்கம் போன்றவற்றின் பொடியிட்ட நீருக்கு 6 மணி நேரம். நன்கு கொதித்த நீருக்கு 24 மணி நேரம் என்று வரம்பு சொல்வர். கோடைப் பயணத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. வடித்த துணியை அலசிய நீரை, எடுத்த கிணற்றிலேயே மெல்ல விடுவதுதான் முறை. குழாய்நீர் வீடுகளில் அதற்கு வழியில்லாததனால், தோட்டத்தில் நிழலான ஈரமண்ணில் ஊற்றச் சொல்கிறேன். இது என் யோசனை. வேறு கருத்துடைய பெரியோர் திருத்துக.

ஆனால் ஏலத்தின் மறுபக்கத்தையும் இந்த அவையில் மறைக்கக்கூடாது. மலையில் ஏலச்செடியை இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் தாக்கும். அதற்காகத் தோட்டங்களில் ஆண்டில் பலமுறை பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். ஏலப்பூவுக்கோ தேனீ வேண்டும். தேனீ வந்தாலன்றிக் காய் நன்றாகப் பிடிக்காது. தேனைத் தொடுவதில்லை என்று நோன்பு கொண்ட நாம், தேனீ மடியும்படி விளைந்த ஏலத்தைப் பாயசத்தில் இடுகிறோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அது இங்கே நம் மேலேயே வந்து நிற்கிறது. ஏலம் தொட்டியில் விளையாது. அதற்கு மலையும் நிழலும் மழையும் வேண்டும். ஆகவே நாம் செய்யக்கூடியது வாங்கும் முறையை மாற்றுவது. கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தையும் 8 மில்லிமீட்டர் பருமனையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நஞ்சின்றி விளைவிப்போர் மலையில் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் காய் சிறுத்தும் வெளுத்தும் இருக்கும், விலையும் கூடுதல். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குக் கால் கிலோ போதும். இருபது குடும்பங்கள் சேர்ந்து ஐந்து கிலோ கேட்டால், காயெடுப்புக் காலத்திலேயே அவர்களிடம் சொல்லி வைக்கலாம். இந்த அறக்கட்டளை அதற்கொரு பட்டியல் தொடங்கினால் போடியில் நடக்கவேண்டிய வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

போடிக்கு வருவோர் உத்தமபாளையத்துக்கும் செல்லுங்கள். அங்குள்ள பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அச்சணந்தி முனிவரின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. ஏலமலையின் அடிவாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் துறவியர் நடந்திருக்கிறார்கள். பங்குனி வெயிலில் அந்தப் பாறை சுடும். காலையில் போவது நல்லது.

நேரமாகிவிட்டது. வெளியே பந்தலில் பானகம் வைத்திருக்கிறார்கள். அதன் அளவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையேல் தாய்மார்கள் என்னைத் தனித்தனியே கேட்பார்கள். இரண்டு லிட்டர் கொதித்து ஆறிய நீர், 300 கிராம் வெல்லம், சிறிது வெந்நீரில் கரைத்து வடித்தது, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை மிளகு, எட்டு ஏலக்காய். வாசலில் சுரைவிதையும் பீர்க்கு விதையும் பொட்டலம் கட்டி வைத்துள்ளேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம். பட்டம் வரும்போது ஊன்றிவிடுங்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரமே இருக்கிறது. பானகத்தை அதற்குள் அனைவரும் அருந்திவிட வேண்டுகிறேன்.